பெண்ணின் தாயார் நம் கோயிலில் பிறந்தவர், முறை வருமா?

கேள்வி: நாங்கள் காரைக்குடி நகரத்தார், நேமங்கோயில் (எங்கள் குலப் பிரிவு). மகனுக்குப் பார்த்திருக்கும் பெண் இலுப்பைக்குடிக் கோயில். பெண்ணின் தாயார் பிறந்தது நேமங்கோயிலில். எங்களுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. “நம் கோயில் ரத்தம், தங்கை முறையாகிவிடும்” என்று என் மாமியார் தயங்குகிறார். செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ரத்தம் என்று உங்கள் மாமியார் சொல்வது சரிதான், முறைதான் மாறிவிட்டது.

கோயில் தந்தைவழி வருவது. மானிடவியலில் இதைத் தந்தைவழிக் குலம் என்பார்கள். ஒரே கோயிலார் பங்காளிகள். குலத்துக்கு வெளியே பெண் கொள்வது புறமணம். பெண்ணோ மணமானதும் கணவரோடு சேர்ந்து அவர் கோயிலின் புள்ளிக் கணக்கில் (குடும்பக் கணக்கில்) சேர்ந்துவிடுகிறாள். அவள் பிள்ளைகளுக்கும் அதுவே கோயில். ஆகவே பெண்ணின் தாயார் உங்கள் கணவருக்கு உடன்பிறந்தாள் முறை. அவர் மகள் உங்கள் மகனுக்கு அத்தை மகள்!

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. உங்கள் கூடப்பிறந்த தங்கையை இலுப்பைக்குடியில் கொடுத்திருந்தால், அவர் மகளுக்கும் உங்கள் மகனுக்கும் கோயில் வேறுதான். ஆனாலும் சித்தி மகள் தங்கையே. கோயிலை மட்டும் கேட்டுவிட்டுப் பாக்கு மாற்றுபவர்கள் சறுக்குவது இங்கேதான். அண்ணன் தம்பி பிள்ளைகளும், அக்காள் தங்கை பிள்ளைகளும் உடன்பிறப்புகள். அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் மட்டுமே கொள்வினை கொடுப்பினைக்கு உரியவர்கள். அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் மார்கன் 1871-இல் வெளியிட்ட நூலில், தமிழரின் இந்தப் பாகுபாடு அமெரிக்காவின் செனெக்கா பழங்குடியினரிடமும் இருப்பதை வியந்து எழுதினார். 1953-இல் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், நம் உறவுச் சொற்களுக்கு அடிப்படை ரத்தத்தைவிட மண உறவே என்று வாதிட்டார். பெண் கொடுத்த பிறகுதான் ஒருவர் மாமன் ஆவதில்லை. கொடுக்கும் முன்பே அவர் மாமன். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

எனவே இரு வீட்டிலும் மூன்று தலைமுறைக்கு ஒரு படம் போடுங்கள்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு. ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். சகோதரிகள் மறைந்திருப்பது அங்கேதான். கோயில் பெயர் வேறாக இருந்தும் தங்களுக்குள் பெண் கொள்ளாதவை உண்டு. பிள்ளையார்பட்டியும் இரணிக்கோயிலும் பங்காளிகள். இளையாற்றங்குடி, மாத்தூர் கோயில்கள் என்றால் உட்பிரிவையும் கேளுங்கள்.

சொந்த அத்தை மகளாகவே இருந்திருந்தால், வழக்கம் அனுமதிப்பதால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தடுக்காது. மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது தேவையில்லை.