வேறு பணம் வந்திருந்தால் அரசு இழப்பீடு குறையுமா?

அமில வீச்சு வழக்கில் குற்றவாளியின் அபராதத் தொகையை எனக்குத் தரச் சொல்லித் தீர்ப்பு. அரசு இழப்பீட்டில் அதைக் கழிப்பார்களா?

கூடாது. அமில வீச்சிலும் கூட்டு வன்புணர்விலும் அரசு தருவது அபராதத்துக்கு மேலாக என்று பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டம்) 396ஆவது பிரிவே சொல்கிறது. பழைய சி.ஆர்.பி.சி.யில் அது 357பி.

போக்சோ வழக்கில் இடைக்கால இழப்பீடு வாங்கினோம். அது?

இறுதித் தொகையில் கழியும். உத்தரவு நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

என் மகனைச் சாதி வெறியில் கொன்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அரசு தரும் தீருதவித் தொகையில் பாதி வந்தது. “அதுதான் வாங்கிவிட்டீர்களே” என்று இழப்பீட்டு மனுவை வாங்க மறுக்கிறார்கள்.

அம்மா, இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆறவே இல்லை. மனுவின் ஓரத்தில் ‘ஏற்கெனவே தொகை பெற்றுள்ளார்’ என்று சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பி அனுப்பிய காகிதங்களை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 12(5) படித்தவர் அப்படி எழுத மாட்டார். வேறு சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கும் உரிமைக்குக் கூடுதலாகத்தான் தீருதவி என்கிறது அது. கொலைக்குச் சுமார் எட்டேகால் லட்சம். 2016 திருத்தப்படி பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. அந்த மீதியையும் கேளுங்கள். இழப்பீட்டு மனுவை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தீருதவியை மறைக்காமல் தேதியோடு எழுதி, உத்தரவு நகலையும் இணையுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரட்டும்; வாய்வார்த்தையை ஏற்று வீடு திரும்பாதீர்கள்.

கொஞ்சம் பணம் வந்தது. இன்னும் வருமா?

என்ன குற்றம், யார் கொடுத்தார்கள், எந்தப் பிரிவில்? ஒன்றுமே எழுதாமல் எதைச் சொல்வது? எஃப்.ஐ.ஆர். நகலும் உத்தரவு நகலும் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

மோதிவிட்டு ஓடிய வண்டி. இறப்புக்கு 2 லட்சம் வாங்கினோம். இப்போது வண்டி சிக்கிவிட்டது.

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுங்கள். அங்கே கிடைப்பதில் அந்த 2 லட்சம் கழியும். மோட்டார் வாகனச் சட்டம் 163 அப்படித்தான் சொல்கிறது.

எதிர்த்தரப்பு பணம் தந்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறது.

போடாதீர்கள். வழக்கறிஞரிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் போடாதீர்கள்.

மகளுக்கு 5 லட்சம் உத்தரவானது. கையில் ஒன்றேகால்தான் வந்தது. மீதியைப் பிடித்துக்கொண்டார்களா?

பிடித்தம் அல்ல. பெண்களுக்கான 2018ஆம் ஆண்டுத் திட்டத்தில் முக்கால் பங்கு குறைந்தது மூன்று ஆண்டு வங்கி வைப்பில் இருக்கும். சிறுமியானால் 80 சதவீதம், 18 வயது நிறையும்வரை. படிப்புக்கோ சிகிச்சைக்கோ முன்பே தேவைப்பட்டால் ஆணைக்குழுவுக்கு மனு எழுதலாம். கல்லூரிக் கட்டண ரசீதையோ மருத்துவமனை மதிப்பீட்டையோ சேர்த்தே கொடுங்கள்.