பறவையின் பொதுப்புழைக்கு உணர்ச்சி உண்டா?

உண்டு. எச்சம், சிறுநீர், முட்டை எல்லாம் வெளிவரும் ஒரே வாசல்தான் பொதுப்புழை. குளோயக்கா என்றும் சொல்வார்கள். வாசல் ஒன்றே என்பதால், உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று உடலுக்குத் தெரிந்தாக வேண்டும். சுவர் விரிவதை நரம்பு முனைகள் உணர்ந்து தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. அங்கிருந்து வரும் உத்தரவுப்படி பொதுப்புழை வாசலின் தசை சுருங்கும், அல்லது தளரும். மும்பை மாட்டுங்காவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கும் ஒரே கேட்தான். தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால்தான் வாட்ச்மேன் முழுசாகத் திறப்பார். அப்புறம், குடலை ஒட்டிப் பொதுப்புழை வரை ஓடும் ரெமாக் நரம்பு என்று ஒன்று உண்டு. பறவைகளுக்கே உரிய அழகான அமைப்பு அது.

பறவையால் அடக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அடைகாக்கும் கோழி மணிக்கணக்கில் அடக்கிவைத்து, கூட்டை விட்டு இறங்கியதும் மொத்தமாகப் பெரிய கட்டியாகப் போடும்.