நலங்கு மாவு விற்கிறேன், கூகுளில் என் கடை தெரியவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: நலங்கு மாவு, சீயக்காய்த் தூள், மூலிகை எண்ணெய், சோப்பு என்று 34 பொருட்களை வீட்டிலேயே தயாரித்து இரண்டு வருடமாக விற்கிறேன். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக ஓரளவு ஆர்டர் வருகிறது. ஆனால் சொந்த இணையதளத்துக்கு யாருமே வருவதில்லை. மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் மூன்றே மாதத்தில் கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக ஒருவர் உத்தரவாதம் தருகிறார். கொடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கொடுக்காதீர்கள். கூகுளில் இன்ன இடம் பிடித்துத் தருகிறேன் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இதைக் கூகுளே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. இப்படிச் சொல்லிப் பணம் வாங்குபவர்கள் பல நேரம் செய்வது, சம்பந்தமே இல்லாத தளங்களில் உங்கள் கடைக்கு இணைப்புகளைக் காசு கொடுத்துப் போடுவதுதான். 2012-ல் 'பென்குயின்' என்ற பெயரில் தன் தேடல் முறையை மாற்றியதிலிருந்து கூகுள் இந்த வேலையைக் கண்டுபிடித்துத் தள்ளிவைக்கிறது. அப்படித் தேடலில் காணாமல் போன ஒரு கடையை மீட்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்தக் கடைக்காரம்மா பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

சரி, உங்கள் தளத்துக்கு வருவோம். நலங்கு மாவுப் பக்கத்தைச் செல்போனில் திறந்து பார்த்தேன். "பாரம்பரிய முறையில் தயாரித்தது. 100 சதவீதம் இயற்கையானது. சருமத்தைப் பளபளப்பாக்கும்." இவ்வளவுதான் இருக்கிறது. சீயக்காய்ப் பக்கத்திலும் கிட்டத்தட்ட இதே மூன்று வரிகள், 'சருமம்' இருந்த இடத்தில் 'கூந்தல்'. அப்புறம், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் கேட்பவை என்று நீங்கள் அனுப்பிய பட்டியலைப் படித்தேன். "ஆறு மாதக் குழந்தைக்குப் போடலாமா?", "துண்டில் மஞ்சள் ஒட்டுமா?", "ஆம்பளைங்க தேய்ச்சா மீசை வளராதா?", "பாலில் குழைப்பதா, தண்ணீரிலா?", "ஒரு பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும்?"

ஜனங்கள் கூகுளில் கேட்பதும் இவற்றைத்தான். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வாட்ஸ்அப்பில் பொறுமையாகப் பதில் எழுதுகிறீர்கள், உங்கள் தளம் மட்டும் வாயே திறப்பதில்லை. அந்தப் பதில்களைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பதுதான் முதல் வேலை. தேடலில் மேலே வருவதும் அதனால்தான், வந்தவர் வாங்குவதும் அதனால்தான்.

உங்கள் பதில்களை வைத்தே நலங்கு மாவுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

"பயத்தம் பருப்பு, கடலைப் பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர் ஆகியவற்றை நிழலில் காயவைத்து, அரைத்து, இரண்டு முறை சலித்த பொடி. சமையல் மஞ்சள் சேர்ப்பதில்லை, அதனால் துண்டில் அவ்வளவாகக் கறை பிடிக்காது. ஒரு குளியலுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். 100 கிராம் பாக்கெட் பத்துப் பன்னிரண்டு குளியலுக்கு வரும். வறண்ட சருமத்துக்குப் பாலில், எண்ணெய் வடியும் முகத்துக்குத் தண்ணீரில் அல்லது பன்னீரில் குழைக்கலாம். முதல் முறை முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். கைக்குழந்தைக்கு என்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்."

இதில் அலங்கார வார்த்தை ஒன்றுகூட இல்லை. நீங்கள் தினமும் சொல்வதுதான்.

தலைப்பையும் மாற்றுங்கள். வெறும் 'நலங்கு மாவு' போதாது. 'நலங்கு மாவு: கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ சேர்த்த குளியல் பொடி, 100 கிராம்' என்று இருக்கட்டும். நம் ஆட்கள் தமிழ் எழுத்தில் தேடுவார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவார்கள், ஹெர்பல் பாத் பவுடர் என்றும் தேடுவார்கள். மூன்றும் பக்கத்தில் இயல்பாக ஓரிடத்தில் வந்தால் போதும், இருபது தடவை திணிக்க வேண்டாம். 'கீவேர்ட்ஸ்' என்று தனிப் பெட்டியில் நாற்பது சொற்களை அடைத்திருக்கிறீர்களே, தர வரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

'சோப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்டாதீர்கள். 'பூலாங்கிழங்கு சேர்த்த குளியல் பொடி' என்று தேடுபவர் குறைவு, ஆனால் அவர் வாங்க வந்தவர். அவர்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள் என்று அறிய 'கூகுள் சர்ச் கன்சோல்' என்ற கருவியை உங்கள் தளத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். எந்தத் தேடலில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடம், எத்தனை பேர் தொட்டார்கள் என்று அது சொல்லும். 8-லிருந்து 20-வது இடத்துக்குள் நிற்கும் தேடல்களை முதலில் எடுங்கள். கொஞ்சம் தள்ளினால் மேலே ஏறக்கூடியவை அவை. அதோடு, கடைக்காரர்கள் பொருள் விவரங்களைக் கூகுளுக்குக் கொடுக்கும் 'மெர்ச்சன்ட் சென்டர்' என்ற இடத்தில் பொருட்களைப் பதிந்தால் விளம்பரக் காசு இல்லாமலே ஷாப்பிங் பகுதியில் வர வாய்ப்புண்டு.

படங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் போனில் எடுத்தபடியே 4 எம்.பி. பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பவர் படம் திறக்கும்வரை காத்திருக்க மாட்டார். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படங்களை 200 கே.பி.க்குள் சுருக்குங்கள், முகப்பில் சுழலும் ஐந்து பேனர்களையும் எடுத்துவிடுங்கள். உள்ளங்கையில் கொட்டிய பொடி, கிண்ணத்தில் குழைத்த பதம், பாக்கெட்டின் பின்பக்கம் என மூன்று படம் இருந்தால் போதும்.

வந்தவர் ஏன் வாங்காமல் போகிறார் என்பதையும் பார்த்தேன். 120 ரூபாய் மாவைக் கூடையில் போட்டு, கணக்குத் தொடங்கி, முகவரியெல்லாம் அடித்து முடித்த பிறகு கூரியர் 70 ரூபாய் என்று வருகிறது. நானாக இருந்தாலும் மூடிவிடுவேன். கூரியர் கட்டணத்தை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மாவு, சீயக்காய், எண்ணெய் மூன்றையும் ஒரே கட்டாக வைத்து விலை சொன்னால் கூரியர் செலவு உறுத்தாது. கணக்கு தொடங்காமலே வாங்க வழி கொடுங்கள். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரை வாட்ஸ்அப்பில் ஒரு முறை உறுதிசெய்துகொண்டு அனுப்புங்கள், திரும்பி வரும் பார்சல் குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் தயாரிக்க, வீட்டில் செய்தாலும், உரிமம் தேவை. 2020-ன் அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைத் தருகிறது. சித்த, ஆயுர்வேத மருந்து என்று விற்றால் அதற்கு வேறு உரிமம். உங்கள் எண்ணெய்ப் பக்கத்தில் 'வெண்புள்ளியைக் குணமாக்கும்' என்ற வரி இருக்கிறது. அதை இன்றே நீக்குங்கள். 1954-ன் மருந்து விளம்பரச் சட்டம் அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதைவிட, நம்பி வாங்கி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்த 15,000 ரூபாயை உரிமத்துக்கும் லேபிளுக்கும் செலவழியுங்கள். பக்கத்தில் உரிம எண், தயாரித்த தேதி, எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் இருந்தால் முன்பின் தெரியாதவரும் துணிந்து வாங்குவார்.

34 பக்கங்களையும் ஒரே மூச்சில் எழுத உட்காராதீர்கள். அதிகம் விற்கும் ஐந்தை மட்டும் எடுங்கள், வாரத்துக்கு ஒன்று. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம். நலங்கு மாவுப் பக்கத்தை மாற்றி ஆறு வாரம் கழித்து, என்னென்ன தேடல்களில் அது தலைகாட்டியிருக்கிறது என்று சர்ச் கன்சோலில் பார்த்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்துச் சீயக்காய்ப் பக்கத்தை எழுதலாம்.