புது பூட்ஸில் குதிகால் எழும்புகிறதா?

அரை சைஸ் குறைக்காதீர்கள். புது ட்ரிக்கர்ஸ் பூட்ஸில் நடக்கும்போது குதிகால் ¼ அங்குலம் எழும்புவது சகஜம்.

காரணம் அடிப்பாகத்தின் விறைப்பு. 1829 முதல் இயங்கும் ட்ரிக்கர்ஸ் என்ற இந்த இங்கிலாந்து நார்த்தாம்ப்டன் கம்பெனி குட்இயர் வெல்ட் முறையில் தைக்கிறது. மேல்தோலையும் உள் அடித்தோலையும் ஒரு தோல் பட்டியோடு சேர்த்துத் தைப்பார்கள். வெளி அடியை அந்தப் பட்டியில் தனியாகத் தைப்பார்கள். நடுப் பள்ளத்தில் கார்க். அது உங்கள் பாதத்துக்கேற்ப அமுங்கி, அடி வளையத் தொடங்கும்வரை குதிகால் எழும்பத்தான் செய்யும். பொறுத்திருந்தால் பாதத்தின் அச்சே உள்ளே பதிந்துவிடும், அந்தச் சுகம் தனி!

மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த சாக்ஸ் போட்டு, கணுக்கால் மடிப்பில் லேஸை இறுக்கிக்கொண்டு படி இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடிக்கக் கூடாது.

இடித்தாலோ, குதிகாலில் தோல் உரிந்தாலோ அளவு தப்பு. பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அளவு சரிதான் என்று உறுதியாகும்வரை வீட்டுக்குள் மட்டும் போடுங்கள், அடி தேய்ந்த ஜோடியை மாற்றுவது கஷ்டம்.