ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகளா?

வணக்கம் அக்கா,

உங்கள் கடிதமும் பையன்கள் இருவரும் எழுதிய கட்டுரைகளும் வந்து சேர்ந்தன. ஆளுக்கு இருபது நிமிடம் தொலைபேசியிலும் பேசிப் பார்த்துவிட்டேன். கட்டாயப் படைப்பணியான தேசிய சேவையை முடிக்கப்போகும் உங்கள் மகனையும், மன்னார்குடியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு முதுகலைக்கு ஆஸ்திரேலியா போக இருக்கும் உங்கள் அக்கா மகனையும், வெளிநாட்டுப் படிப்புக்குப் போகுமுன் இங்கே சிங்கப்பூரில் ஒரு தனியார் மையத்தின் எட்டு வாரத் தீவிர ஆங்கில வகுப்பில் ஒன்றாகச் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேராகச் சேர்ந்தால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சேர்க்க வேண்டாம். இருவருக்கும் ஆங்கிலத்தில் ஓட்டை இருக்கிறது, அது உண்மை. ஆனால் அவனுக்கு ஓரிடத்தில், இவனுக்கு வேறிடத்தில். ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் ஒருவன் தூங்குவான், இன்னொருவன் முழிப்பான்.

மன்னார்குடித் தம்பியிடமிருந்து தொடங்குகிறேன், சொல்ல வேண்டியது அங்கேதான் அதிகம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. கல்லூரியில் புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ். வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கிற ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் மாதிரியில், ஒன்பதுக்கு, வாசிப்பு 6, கேட்டல் 4.5, எழுத்து 5, பேச்சு 5, மொத்தம் 5. நீங்கள் எல்லாரும் அந்த மொத்தத்தைப் பார்த்துக் கலங்குகிறீர்கள். நான் பார்த்தது 6-க்கும் 4.5-க்கும் நடுவிலுள்ள பள்ளத்தை. அவன் கண்ணுக்கு ஆங்கிலம் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை.

தொலைபேசியில் ஒரு சின்னப் பத்தியை வாசித்துக்காட்டி, கேட்டதைச் சொல்லச் சொன்னேன். நடுவில் 'கம்ஃப்டபிள்' என்று ஒரு சொல் வந்தது. அங்கேயே நின்றுவிட்டான். இரண்டாம் முறை சொன்னேன், மூன்றாம் முறையும் சொன்னேன். எழுத்துக் கூட்டியதும் சிரித்துவிட்டான்: "ஓ, கம்ஃபோர்டேபிளா சார்? இது எனக்குத் தெரியுமே!" தெரியும்தான். பத்து வருடமாகத் தெரியும், ஆனால் எழுத்தாக மட்டும். இப்படி அவனுக்குத் தெரிந்தும் காதில் விழாமல் போகிற சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். நாளைக்கு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் விறுவிறுவென்று பேசும்போது அவன் தொலையப்போவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' அவன் காதில் விழுவதில்லை. கேட்டல் தேர்வில் கோடிட்ட இடத்தில் 'டிக்கெட்ஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'டிக்கெட்' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. 40 கேள்விகளில் இப்படி நான்கைந்து போனாலே அரை பேண்ட், அதாவது அரை மதிப்பெண், போனது மாதிரி. கட்டுரையில் "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று எழுதியிருக்கிறான். அதற்காகக் கவலைப்படாதீர்கள், ஒரு வாரத்தில் திருத்திவிடலாம். காதுதான் நாள் கேட்கும்.

எவ்வளவு நாள்? கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வு அமைப்பு தருகிற ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற, ஆசிரியரோடு ஏறக்குறைய 200 மணி நேரம் படிக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ்-இல் 5 என்பது பி1 படி, 5.5 முதல் 6.5 வரை பி2, 7 என்றால் சி1. அந்த மையத்தார் எட்டு வாரத்தில் '5-லிருந்து 7' என்கிறார்கள். வாரம் 15 மணி நேரம் வைத்தால் மொத்தமே 120 மணி நேரம். இரண்டு படி ஏறுகிற 400 மணி நேர வேலையை 120-இல் முடித்துத் தருவதாகச் சொல்கிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

சிங்கப்பூருக்கு வந்துவிட்டால் ஆங்கிலம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து 22 வயதில் புதுக்கோட்டையிலிருந்து வந்தேன். முதல் நாள் கோப்பிக் கடையில் பால், சீனி இல்லாத காப்பி வேண்டும் என்று இலக்கணச் சுத்தமாக ஆங்கிலத்தில் கேட்டேன். கடைக்காரர் உள்ளே திரும்பி "கோப்பி ஓ கோசோங்!" என்று கத்தினார். நான் கேட்ட அதே காப்பிதான், ஆனால் அதில் ஒரு சொல்கூட ஆங்கிலம் இல்லை. தம்பி உங்கள் வீட்டில் தமிழ் பேசுவான், நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவில் தமிழ் பேசுவான், வாரக் கடைசியில் மன்னார்குடி நண்பர்களோடு மணிக்கணக்கில் தமிழ் பேசுவான். வகுப்பு முடிந்த பிறகு ஆங்கிலத்துக்கு அவன் எங்கே போவான்?

அப்புறம் அனுமதி விவகாரம். 30 நாளைத் தாண்டும் படிப்புக்கு அவனுக்கு மாணவர் அனுமதி அட்டை தேவை. அதை வாங்கித்தர வேண்டிய தனியார் பள்ளிக்கு எடுடிரஸ்ட் என்ற அரசுத் தரச் சான்றிதழ் இருந்தாக வேண்டும். மாதா மாதம் 90 விழுக்காடு வருகை காட்டாவிட்டால் அட்டைக்கே ஆபத்து. மாலையில் தெரிந்தவர் கடையில் கை கொடுக்கட்டும் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்களே, அந்த எண்ணத்தை இன்றைக்கே அழித்துவிடுங்கள் அக்கா. தனியார் பள்ளியில் படிக்கிற வெளிநாட்டு மாணவர் பகுதிநேர வேலை பார்க்கக் கூடாது. பிடிபட்டால் அவனுக்கும் சிக்கல், கடைக்காரருக்கும் சிக்கல்.

என் யோசனை வேறு. தம்பி இன்னும் நான்கு மாதம் மன்னார்குடியிலேயே இருக்கட்டும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் அதில் இரண்டே நிமிடத்தை எடுத்துக்கொண்டு, நான்கு முறை கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே கையால் எழுத வேண்டும். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்ட சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட வேண்டும். கடைசியாக, பேசுகிறவரின் வேகத்திலேயே கூடச் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். முதல் வாரம் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு தீவிர வகுப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் அதை ஆஸ்திரேலியாவிலேயே படிக்கட்டும். முதுகலைக்குப் பல பல்கலைக்கழகங்கள் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையாமல் கேட்கின்றன. அது இல்லாதவர்களை நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டு, முதலில் தங்கள் ஆங்கில வகுப்பில் உட்கார வைப்பார்கள். அந்த வகுப்புக்கு எலிகோஸ் என்று பெயர். மாணவர் விசாவுக்கு 2024 மார்ச்சிலிருந்து ஐஇஎல்டிஎஸ் 6 வேண்டும். பட்டப்படிப்போடு குறைந்தது 10 வார எலிகோஸ் சேர்ந்திருந்தால் 5.5 போதும், 20 வாரம் என்றால் 5 போதும். எலிகோஸில் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் வகுப்பு, 20 வாரத்தில் 400 மணி நேரம். நம் கணக்கோடு பொருந்துகிறதா? பல இடங்களில் அந்த வகுப்பின் இறுதி மதிப்பீட்டில் தேறினால் மறுபடி ஐஇஎல்டிஎஸ் எழுதாமலே பட்டப்படிப்புக்குள் போகலாம். அப்படி உண்டா என்று சேர்க்கைக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்கிற முகவரின் வாய்ச்சொல் வேண்டாம். முகவருக்குப் பெரும்பாலும் கல்லூரியிடமிருந்து தரகு வருகிறது. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் எந்தக் கல்லூரியிடமிருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

இதில் செலவு அதிகம், மறைக்கவில்லை. ஐந்து மாதச் சாப்பாடும் வாடகையும் ஆஸ்திரேலிய விலையில். விசா விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது. அதனால்தான் அந்த நான்கு மாத வீட்டுப்பாடம். இப்போதுள்ள 5 என்பது விளிம்பில் நிற்கிற 5. அதை 5.5 ஆக்கிக்கொண்டு போனால் எலிகோஸ் 10 வாரமாகச் சுருங்கவும் வழியிருக்கிறது, உங்கள் அக்காவின் நகையும் கொஞ்சம் மிஞ்சும்.

இப்போது உங்கள் மகன். அவனுக்கு ஐஇஎல்டிஎஸ் தேவையா என்பதையே முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பல பல்கலைக்கழகங்கள் இங்கே உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதுகிற சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் ஓ லெவல் தேர்வின் ஆங்கிலத் தேர்ச்சியை ஏற்கின்றன. எந்தத் தரம் வேண்டும், பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமாவையே ஏற்பார்களா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். செவிலியர், ஆசிரியர் படிப்பு என்றால் வரம்பு கூடும். சேர்க்கை அலுவலகத்துக்கு அவனே ஒரு மின்னஞ்சல் போடட்டும், நீங்கள் போடாதீர்கள். தேர்வு வேண்டும் என்று பதில் வந்தால் எழுதிக்கொள்ளலாம். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால் அதற்கும் இப்போது அவசரமில்லை.

"நான் நாள் முழுக்க இங்கிலீஷ்தானே பேசுறேன், எனக்கெதுக்கு கிளாஸ்?" என்று என்னிடமும் கேட்டான். பேச்சைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரி. ஆனால் அவனது 250 சொல் கட்டுரையில் 'பேசிக்கலி' ஏழு இடத்தில் வருகிறது. முதல் பத்தியில் ஒரு கருத்து, கடைசிப் பத்தியில் அதற்கு நேர்மாறான கருத்து, நடுவில் எங்கே மனம் மாறினான் என்று அவனுக்கே தெரியவில்லை. இது இலக்கணக் குறை இல்லை, அதனால் இலக்கண வகுப்பில் தீராது. முகாமில் இருந்த இரண்டு வருடத்தில் அவன் வாட்ஸ்அப்பைத் தாண்டி நீளமாக எதுவும் வாசிக்கவில்லை, எழுதவுமில்லை. போகிற இடத்திலோ ஒவ்வொரு பாடத்துக்கும் 2,000 சொல் கட்டுரை கேட்பார்கள், மேற்கோள்களோடு.

அவனுக்கு வாரம் ஒரு கட்டுரை, அதைச் சிவப்பு மையோடு படித்துத் திருத்த ஒரு நல்ல ஆசிரியர், அவ்வளவுதான். வாசிப்புக்கு நூலக அட்டையும், நூலக மின்னூல்களைப் படிக்க உதவும் 'லிபி' செயலியும் போதும், காசு கிடையாது. அரசு பயிற்சிக்காகத் தருகிற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் வகுப்புக்குக் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது 25 வயதானால்தான் கிடைக்கும், அவனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

அந்த மையத்தில் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் தேதியைப் பாருங்கள். தனியார் பள்ளிகளின் மாணவர் ஒப்பந்தத்தில், கையெழுத்திட்ட பிறகு விலகிக்கொள்ள 7 வேலை நாள் அவகாசம் உண்டு. திரும்ப வரும் தொகை எவ்வளவு என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். நாளைக் கடத்தாதீர்கள்.

தம்பியை வருகிற வியாழக்கிழமை இரவு நம் நேரம் 9 மணிக்கு என்னை அழைக்கச் சொல்லுங்கள். அதற்குள் மூன்று நாள் கேட்டு எழுதிய தாள்கள் கையில் இருக்கட்டும். அழகாகத் திருப்பி எழுதிக்கொண்டு வர வேண்டாம், சிவப்பு வட்டங்களோடு அப்படியே இருக்கட்டும். எந்தச் சத்தத்தில் அவன் காது தடுக்குகிறது என்பதை நான் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.