காய்ச்சல் போய்விட்டது, நெஞ்சு தேறவில்லை: நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள்

காய்ச்சல் 3 நாளில் விட்டது. 5 வாரமாக வறட்டு இருமல் விடவில்லை. நுரையீரல் கெட்டுவிட்டதா டாக்டர்?

பெரும்பாலும் இல்லை. வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாய் புண்பட்டே இருக்கும். குளிர்காற்று பட்டாலும், சிரித்தாலும் இருமல் கிளம்பும். 8 வாரம் வரை இழுக்கலாம். வாரத்துக்கு வாரம் குறைந்தால் பொறுத்திருங்கள். ரத்தம் வந்தால், எடை குறைந்தால், மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம்.

அப்பாவுக்கு 70 வயது. லேசான ஃப்ளூதான், தேறி நடமாடினார். ஒரு வாரம் கழித்து மறுபடி குளிர்காய்ச்சல், பழுப்புச் சளி. மறுபடியும் ஃப்ளூவா?

இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தேறியவருக்கு மறுபடி காய்ச்சல் அடித்தால் நான் முதலில் சந்தேகிப்பது பாக்டீரியா நிமோனியாவைத்தான், அதாவது பாக்டீரியாவால் வரும் நுரையீரல் தொற்றை. மூச்சுக்குழாயில் சளியையும் கிருமியையும் மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. வைரஸ் அவற்றைச் சிதைத்துவிடுகிறது. அவை மறுபடி வளர்வதற்குள், மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த நிமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன. 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டாம் தொற்று இருந்தது. அன்று ஆன்டிபயாடிக் இல்லை. இன்று இருக்கிறது, ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமும் சோர்வுமாகவும் இது வரும்.

ஆவி பிடித்தால் நிமோனியா வராதா?

தடுக்காது. மூக்கடைப்புக்கு இதம், அவ்வளவுதான்.

எனக்கு ஆன்டிபயாடிக் இரண்டு கோர்ஸ் முடிந்தும் எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

‘ஆர்கனைசிங் நிமோனியா’வாக இருக்குமோ என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இதில் கிருமி இருக்காது. காயம் ஆறும் முயற்சியில் காற்றுப்பைகளுக்குள் திசு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஆன்டிபயாடிக் வேலை செய்வதில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்து, காசநோய் போன்றவை இல்லை என்று உறுதி செய்த பிறகு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். ஆனால் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. தேறிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

கோவிட் வந்து 3 வாரம். ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. நடந்தால் மூச்சு இளைக்கிறது. பயமில்லைதானே?

உட்கார்ந்து பார்த்த 97-ஐ மட்டும் நம்பாதீர்கள். 6 நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். விரல் சூடாக இருக்கட்டும், நகச்சாயம் வேண்டாம். 4 புள்ளி இறங்கினால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இறங்காவிட்டாலும் இந்த இளைப்பை இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், திடீரென்று நெஞ்சு குத்தினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.