நீண்டகாலத் தலைவர் விலகும்போது சங்கம் குலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

திருகோணமலைக் கடற்றொழிலாளர் சங்கமொன்றின் தலைவர் அடுத்த வருடம் விலகுகிறார். பெரிய தலைவர்களிடம் இதற்குப் பாடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

சிங்கப்பூரில் லீ குவான் யூவின் கைமாற்றத்தைப் பாருங்கள். 1959 முதல் பிரதமராக இருந்தவர் 1990இல் கோ சோக் டோங்கிடம் பொறுப்பைக் கொடுத்தார். கோ 1985இலேயே துணைப் பிரதமர். லீ முதலில் விரும்பியது இன்னொரு அமைச்சரான டோனி டானை. இளைய அமைச்சர்கள் கோவைத் தெரிவுசெய்தார்கள், லீ விட்டுக்கொடுத்தார். கூட வேலை செய்யப்போகிறவர்கள் தெரிவுசெய்த ஆளுக்குத்தான் ஒத்துழைப்பு கிடைக்கும். ஆனால் லீ 2011வரை அமைச்சரவையில் இருந்ததைப் பின்பற்றாதீர்கள். சிறிய சங்கத்தில் பழைய தலைவர் மேசையில் இருந்தால் புதியவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

விலகியவர் திரும்பிவருவதும் சிக்கல்தான். இந்திய மென்பொருள் நிறுவனமான இன்ஃபோசிஸில், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2013இல் திரும்பிவந்தார், மகனை நிறைவேற்று உதவியாளராக அழைத்துக்கொண்டு. பல மூத்த அதிகாரிகள் விலகினார்கள். 2014இல் அவரும் போய்விட்டார்.

உங்கள் சங்கத்துக்கு: ஆறு மாதம் முன்பே உப தலைவர் மாதக் கூட்டங்களை நடத்தட்டும், தலைவர் பக்கத்தில் இருக்கட்டும். ஐஸ்காரர், எண்ணெய்க்காரர், மீன் முதலாளிமார் ஆகியோரோடு வாய்ப்பேச்சில் உள்ள கடன் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பெரும்பாலும் சிக்குவது வங்கிக் கணக்கு. புதிய நிர்வாகம் தெரிவான கூட்ட அறிக்கையின் பிரதியோடு உடனே போய்க் கையொப்பங்களை மாற்றுங்கள். இல்லாவிட்டால் காசோலைக்குப் பழையவர் வீட்டுப் படியேற வேண்டிவரும், அதிகாரமும் அங்கேயே தங்கிவிடும்.